துண்டு போட்ட காலமும் துட்டு போடும் காலமும்

2019 மே மாதம். கோடை விடுமுறைக்குத் திருச்சி வந்திருந்த மகளும் இரண்டு பேரக்குழந்தைகளும் டெல்லி திரும்பும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சென்னையிலிருந்து விமானம். என் மனைவிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஒரு வாரமாகவே பட்டுப்புடவையா, நூல்புடவையா என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, சீட் செலக்ட் பண்ணணும். ஒரு சீட்டுக்கு இருநூறுலேருந்து ஆரம்பிக்குது. அஞ்சு பேருக்கும் சேர்த்து ஆயிரம் சொச்சம் வரும். போட்டுடவா?"

எனக்குச் சுரீரென்றது. "எதுக்கும்மா? டிக்கெட்டுக்குத்தான் பணம் கொடுத்தாச்சே. டிக்கெட்டுன்னா அதுல சீட்டு இல்லியா? நின்னுக்கிட்டா போகப்போறோம்? அஞ்சு பேரும் ஒரே பி.என்.ஆர். குழந்தைங்க வேற இருக்கு. கவுண்டர்ல பார்த்துச் சேர்த்துத்தான் போடுவாங்க. முப்பத்தஞ்சு வருஷம் நான் பண்ணின வேலை இது. எனக்குத் தெரியாதா?"

மகள் ஒன்றும் பேசாமல் கணினியை மூடிவிட்டாள்.

நான் ரயில்வேயில் முன்பதிவு எழுத்தராக இருந்தவன் என்பது இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வருகிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கர்வம்தான் அன்றைக்குப் பேசியது.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் பணிவாகத்தான் சொன்னார். "சார், ஃப்ளைட் ஃபுல். மிச்சம் இருக்கிற சீட்டைத்தான் கொடுக்க முடியும்." ஐந்து போர்டிங் பாஸ் வந்தன. மகளுக்கு 8வது வரிசை. எனக்கு 11. ஒன்பது வயதுப் பேத்திக்கு 14. நாலு வயதுப் பேரனுக்கு 21வது வரிசையில், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில். என் மனைவிக்கு 27வது வரிசை, ஜன்னலோரம்.

உள்ளே ஏறியதும் பேரன் அழ ஆரம்பித்தான். மகளுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர், தான் காசு கொடுத்து வாங்கிய நல்ல இடத்தை விட்டுவிட்டு 21க்குப் போனார். அவர் நன்றாக இருக்கட்டும். பேத்தி தைரியமாக உட்கார்ந்துகொண்டாள். மனைவி பின்னால் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "ஜன்னல் சீட்டுதானே, நல்லா வேடிக்கை பார்க்கலாம், போ" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். டெல்லியில் இறங்கியதும், "எப்படி இருந்தது?" என்று ஆவலாகக் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னைத் தாண்டிக் கழிவறை எங்கே என்று தேடிக்கொண்டு வேகமாகப் போனாள்.

அவள் சர்க்கரை நோயாளி. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். பக்கத்தில் இருந்த இரண்டு ஆண்களும் தூங்கிவிட்டார்கள். இவளுக்கு இந்தி தெரியாது. அந்நிய ஆண்களைத் தட்டி எழுப்பவும் கூச்சம். இடுப்புப் பட்டையை எப்படி அவிழ்ப்பது என்பதும் சரியாகப் புரியவில்லை. அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தபோதும், குடித்தால் இன்னும் சிரமம் என்று வேண்டாம் என்றிருக்கிறாள்.

ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆயிரம் ரூபாதானேங்க கேட்டான்?"

நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. டிக்கெட்டுக்குள் இருந்த இடம் எப்போது வெளியே போனது? யார் வெளியே எடுத்தார்கள்? ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்துக்குள் வரும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்த தலைமுறை நாம். துண்டு இல்லாதவர் கூடையைப் போடுவார். கூடையும் இல்லாதவர் கைக்குழந்தையையே ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிடுவார். துண்டு போட்ட இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பெரிய சண்டை நடக்கும். ஆனால் அந்தச் சண்டை நடக்கும்போதே, "பொம்பளைங்க, குழந்தைங்க சேர்ந்து உட்காரட்டும்ப்பா, நீ இந்தப் பக்கம் வா" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லுவார். அதற்கு அப்பீல் கிடையாது.

ரயிலில் முன்பதிவுக்கு வருகிறவர்கள் ஒரு விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுப்பார்கள். பெயர், ஆணா பெண்ணா, வயது. இந்த மூன்றும் போதும், எழுத்தருக்குக் குடும்பமே கண்ணில் தெரியும். 68 வயது ஆண், 63 வயது பெண், 30 வயது பெண், 2 வயதுக் குழந்தை என்று இருந்தால், பாட்டிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் கீழ்ப் படுக்கை, தாத்தாவுக்கு நடு. பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இதில் இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தாள் இருக்கும். அதில் பென்சிலாலும் பேனாவாலும் எழுதி, அட்டை டிக்கெட்டின் பின்பக்கம் பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் குறித்துக் கொடுப்போம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரு கல்யாண கோஷ்டியைச் சிதறாமல் உட்கார வைத்துவிட்டால் எனக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

முன்பதிவுக்கு ஒரு சிறு கட்டணம் உண்டு. ஆனால் அது கீழ்ப் படுக்கைக்கும் மேல் படுக்கைக்கும் ஒன்றுதான். ஜன்னலோரத்துக்குத் தனி விலை கிடையாது.

1980களின் நடுவில் டெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கி, பிறகு சென்னை, மும்பை, கொல்கத்தா என்று பரவியது. 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் வாங்கும் வசதியும் வந்துவிட்டது. கணினி வந்தால் மனிதத்தன்மை போய்விடும் என்று நாங்கள் சங்கக் கூட்டத்தில் பேசியதுண்டு. ஆனால் நடந்தது வேறு. மூத்த குடிமக்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை கொடுக்கப் பார்க்க வேண்டும் என்பதை அந்த இயந்திரத்துக்கே சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் மனதில் இருந்த வழக்கம் அதற்குள் ஒரு விதியாகப் போய் உட்கார்ந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி ஆகாயத்துக்கு வருவோம். இடத்தைத் தனியாக விலை பேசும் வழக்கத்தின் வேரைத் தேடினால் அது அமெரிக்காவில்தான் போய் முடிகிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் 1938லிருந்து நாற்பது ஆண்டுகள், உள்நாட்டு விமானக் கட்டணங்களை ஓர் அரசு வாரியம்தான் கட்டுப்படுத்தி வந்தது. எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதெல்லாம் வாரியத்தின் கையில். விலையைக் குறைத்து ஆளைப் பிடிக்க முடியாது என்பதால் நிறுவனங்கள் உபசாரத்தில் போட்டி போட்டன. நல்ல சாப்பாடு, அகலமான இருக்கை, சிரித்த முகம். இடம் ஒதுக்குவதும் அந்த உபசாரத்தில் ஒன்று. விமான நிலையத்தில் இருக்கைகளின் வரைபடம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எண் அச்சிட்ட ஒரு வில்லை ஒட்டியிருக்கும். பயணி வந்ததும் அதை உரித்து அவருடைய அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். நான் தாளில் பென்சிலால் செய்ததை அவர்கள் பசையால் செய்திருக்கிறார்கள்! அந்தக் காலத்தில் விமானத்துக்குள் சிகரெட் பிடிக்கலாம். 1973ல் புகைக்காதவர்களுக்குத் தனிப் பகுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு "புகைப்பவரா, புகைக்காதவரா?" என்பதும் கவுண்டரில் கேட்கும் கேள்வி ஆயிற்று. அதற்கும் காசு வாங்கவில்லை.

இங்கே ஒரு சுவையான கதை உண்டு. 1953ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போன ஒரு விமானத்தில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனை அலுவலர் பிளேர் ஸ்மித்தும் சந்தித்துக்கொண்டார்கள். பெயர்ப் பொருத்தத்தால் பேச்சு வளர்ந்தது. முன்பதிவைக் கணினியில் செய்தால் என்ன என்ற யோசனை அங்கே முளைவிட்டது. 'சேபர்' என்ற அந்த அமைப்பு 1960களின் நடுவில் முழுதாக வேலை செய்யத் தொடங்கியது. உலகத்தின் விமான முன்பதிவுக் கணினிகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ஆசாமிகள் இருவரும் அன்றைக்கு விமானத்தின் இரு கோடிகளில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. விலைப் போட்டி வந்தது. சாமானியர்களும் பறக்க முடிந்தது. அது நல்லதுதான். ஆனால் போட்டி என்பது முதலில் கண்ணில் படும் விலையில்தான் நடக்கும். பட்டியலில் பத்து டாலர் குறைவாகக் காட்டுகிறவருக்கே வியாபாரம். ஆகவே, டிக்கெட்டுக்குள் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துத் தனித்தனியே விற்பது என்ற வழி பிறந்தது.

அதை வேகப்படுத்தியது 2008. அந்த ஆண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. பெரிய நிறுவனங்களில் முதலாவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ், முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அறிவித்தது. மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். எண்ணெய் விலை பிறகு இறங்கியது. பெட்டிக் கட்டணம் இறங்கவில்லை. இதில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு லாபமும் உண்டு. அமெரிக்காவில் உள்நாட்டு டிக்கெட் விலைக்கு 7.5 சதவீதம் வரி. பெட்டிக்கு வாங்கும் தனிக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. டிக்கெட்டிலிருந்து பிரித்து வாங்கினால் அரசுக்குப் போகிற பங்கும் மிச்சம்.

2012ல் டெல்டா நிறுவனம் 'பேசிக் எகானமி' என்று ஒரு மலிவு டிக்கெட்டைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே இடம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அதன் முக்கிய நிபந்தனை. என் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம், நல்ல இடம் வேண்டுமானால் கூடக் கொடு என்றார்கள். கால் நீட்ட வசதி, முன்வரிசை என்று கூடுதலாக ஏதாவது கொடுத்துத்தான் காசு கேட்டார்கள். இப்போது எந்த இடமாவது உன் பெயரில் உறுதியாக வேண்டுமானால் கூடக் கொடு என்று ஆகிவிட்டது.

நடு இருக்கையைத் தனியாகப் பார்த்தால் யாரும் இருநூறு ரூபாய் கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை இருந்தால் வாங்குவார்கள். அப்படியானால் அங்கே விற்பனையாவது இருக்கை அல்ல. பிரித்துவிடுவார்களோ என்ற பயத்துக்குத்தான் விலை. அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு ஒன்று 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். ஐந்து நிறுவனங்கள் மட்டும் 2018 முதல் 2023 வரை இருக்கைக் கட்டணமாக வசூலித்தது 1,240 கோடி டாலர்!

ஐரோப்பாவில் ரயன்ஏர் 2016ல் வேறொரு வழி கண்டுபிடித்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு வரும் பெரியவர் ஒருவர் கட்டாயம் காசு கொடுத்து இடம் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் நான்கு குழந்தைகள் வரை பக்கத்தில் இலவசம். குழந்தைக்கு இலவசம், அம்மாவுக்குக் கட்டாயம். கணக்கு ஒன்றுதான், தலைப்புதான் வேறு.

நம் நாட்டுக்கு வருவோம். 1953ல் விமான நிறுவனங்கள் தேசியமயமாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு வானம் அதன் கையில்தான். விமானத்தில் போனவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கவுண்டரில், "ஜன்னலா, ஓரமா?" என்று கேட்டு எழுதிக் கொடுப்பார்களாம். 2003ல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், ஒரு ரூபாய் டிக்கெட்டெல்லாம் விற்றுச் சாமானியர்களை விமானத்தில் ஏற்றியது. அதில் இருக்கை எண்ணே கிடையாது. முதலில் ஏறுகிறவருக்கு முதல் இடம். அப்படி எண் இல்லாத ஒரு விமானத்தில் நானும் ஒருமுறை தனியாகப் போயிருக்கிறேன். கதவு திறந்ததும் வேட்டி கட்டிய பெரியவர்கள்கூட வேக நடை போட்டார்கள். நான் என்னையறியாமல் தோளில் துண்டைத் தேடினேன்!

அந்த முறைக்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971லிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல் எண் இல்லாமலேயே பறந்தது. சிறு குழந்தைகளோடு வருகிறவர்களைக் கூட்டத்தின் நடுவிலேயே கூப்பிட்டு ஏற்றிவிடும் வழக்கமும் அங்கே இருந்தது. அந்த நிறுவனமும் 2026 ஜனவரி 27 முதல் இருக்கை எண்ணுக்கும், அதற்கான விலைப் பட்டியலுக்கும் மாறிவிட்டது.

இந்தியாவில் 2013ல், விரும்பிய இருக்கை, சாப்பாடு, பெட்டி போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்தது. பயணி விரும்பிக் கேட்டால் மட்டும், கட்டாயம் கூடாது என்பது நிபந்தனை. 2018 நவம்பரில், இணையத்தில் செக்-இன் செய்யும்போது எல்லா இருக்கைக்குமே விலை என்ற நிலை வந்து, பெரிய கூச்சல் எழுந்து, அரசு பரிசீலிப்பதாகச் சொன்னது. காசு கொடுக்க விருப்பமில்லாதவர் விமான நிலையத்தில் மிச்சம் இருப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மிச்சம்தான் ஆறு மாதம் கழித்து எங்களுக்குக் கிடைத்த 8, 11, 14, 21, 27.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். தனியாகப் பறக்கும் ஒரு மாணவனுக்கு எந்த இடமானாலும் ஒன்றுதான். அவன் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறான். அது தப்பில்லை. எங்கள் பழைய முறையும் சத்தியசந்தமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். எழுத்தரைத் தெரிந்தவருக்குக் கீழ்ப் படுக்கை, சிபாரிசு கொண்டுவந்தவருக்கு நல்ல இடம் என்பதெல்லாம் நடந்தது. வரிசையில் நின்ற ஏழைக் கிழவிக்கு மேல் படுக்கை போட்டுவிட்டு, அதிகாரியின் மைத்துனருக்குக் கீழே போட்ட நாள் எனக்கும் உண்டு. அந்தக் கிழவி ஏறுவதற்குக் கஷ்டப்பட்டிருப்பாள். இன்றைய விலைப் பட்டியலில் அப்படி முகம் பார்க்கும் வேலை இல்லை. எல்லோருக்கும் ஒரே பட்டியல்.

ஆனால் முகமே பார்க்காவிட்டால் நாலு வயதும் நாற்பது வயதும் ஒன்றாகிவிடுகிறது. அங்கேதான் விதி வர வேண்டும். பல நாடுகளில் மெதுவாக வந்துகொண்டும் இருக்கிறது.

கனடாவில் 2019 டிசம்பரிலிருந்து தெளிவான விதி உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பெற்றோர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து முதல் பதினொன்று வரை அதே வரிசையில், நடுவில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் 2016லேயே நாடாளுமன்றம் இந்த விஷயத்தை ஆராயச் சொன்னது. வரைவு விதி வெளிவந்தது 2024 ஆகஸ்டில். எட்டு வருடம்! ஆராயச் சொன்ன வருடம் பிறந்த குழந்தை, அதற்குள் மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இதைப் பாதுகாப்புக் கண்ணோடும் பார்க்கிறார்கள். விமானத்தைவிட்டு அவசரமாக வெளியேற வேண்டிய நேரத்தில், எந்தத் தாயும் பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக இறங்க மாட்டாள். கூட்டத்துக்கு எதிராகப் பின்னால்தான் ஓடுவாள். அதனால் எல்லோருக்கும் தாமதம், எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே குழந்தையும் பெரியவரும் ஒரே வரிசையில், முடியாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே வழிகாட்டுதல்.

நம் நாட்டில் 2024 ஏப்ரலில் இயக்குநரகம் உத்தரவு போட்டது. ஒரே பி.என்.ஆரில் போகும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்தில், பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைக்கு இடம் தர வேண்டும். அப்படித் தந்ததற்குப் பதிவும் வைக்க வேண்டும். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது, 21வது வரிசையில் அழுத என் பேரனை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. வேடிக்கை என்னவென்றால், இப்போது அவனுக்கு அம்மா பக்கத்தில் உட்காரவே பிடிப்பதில்லை!

ஆக, குழந்தைக்கு விதி வந்துவிட்டது. என் மனைவிக்கு? அறுபது தாண்டிய தம்பதியைப் பிரிக்காதே என்று எந்த உத்தரவும் என் கண்ணில் படவில்லை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போய்விட்டது. ஆனால் கீழ்ப் படுக்கை விதி மட்டும் இன்னும் அந்தக் கணினிக்குள் இருக்கிறது. முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். இயந்திரத்துக்கு ஈரம் கிடையாதுதான். ஆனால் வயதைப் பார்த்து இடம் போடு என்று சொல்லிக் கொடுத்தால் போடுகிறது. விமானக் கம்பெனிகளின் கணினிக்கும் நம் வயது தெரியாமல் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதுவரைக்கும் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இது. குடும்பம் முழுவதற்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் நீங்கள் குடும்பம் என்பதே கணினிக்குத் தெரியாது. குழந்தை இருந்தால் 2024 உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். இணைய செக்-இன் திறந்தவுடனேயே முடித்துவிடுங்கள். மிச்சம் நிறைய இருக்கும்போது சேர்ந்து கிடைக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை, மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஜன்னல் வேண்டாம், நடைவழி ஓரம்தான் நல்லது. இதெல்லாம் சரிப்படாவிட்டால் காசைக் கொடுத்துவிடுங்கள். கொள்கைக்காகச் சண்டை போடுவதென்றால் நாம் போடுவோம். நம் கொள்கைக்காக வீட்டுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

போன வருடம் மறுபடியும் டெல்லி போனோம். நாங்கள் இருவர் மட்டும். மகளிடம் சொல்லி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்கள் வாங்கினேன். மனைவிக்கு நடைவழி ஓரம், எனக்கு நடு இருக்கை. விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தத் தடவை எவ்வளவு கொடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லை. டிக்கெட்டுலயே சேர்த்திதான்" என்றேன்.

நம்பினாளா என்று தெரியாது. இடுப்புப் பட்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டு, ஒருமுறை பின்பக்கம் போய்விட்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள்.